பீடியை மறைத்தார்கள்

— திரையை விடுட்டி. இழுத்து மூடு.

— கொஞ்சம் நீக்கினேன், அவ்வளவுதான். சாயங்கால வெயில்லயும் வீட்டுக்குள்ள இருட்டு. எனக்கு மூச்சு முட்டுது.

— முட்டட்டும். வெளிய பூட்டுத் தொங்குதுல்லா. பூட்டுன வீட்டுல திரை அசைஞ்சா பாக்கிறவன் என்ன நெனைப்பான்?

— பூட்டைத் தொங்க விட்டுட்டு, கிணத்துப் பக்கமாச் சுவரேறி, எங்க வீட்டுக்குள்ள நானே கள்ளி மாதிரி வாரேன். ஹோட்டல்ல கேட்டாங்க, சேச்சிக்கு முட்டியில என்ன காயம்னு.

— நீ என்ன சொன்ன?

— பாத்திரம் கழுவுற இடத்துல வழுக்கிட்டேன்னு சொன்னேன். பின்னே என்ன சொல்ல? எங்க வீட்டுக்காரரு உச்சிமாகாளி, பிள்ளை பிடிக்கிறவராட்டு எல்லார் ஃபோன்லயும் ஓடிட்டிருக்காரு, அதனால சுவரேறிக் குதிச்சேன்னா?

— மெல்லப் பேசு. இப்ப எத்தனை பேருக்குப் போயிருக்கும் அந்த வீடியோ?

— எனக்கே மூணு குரூப்ல வந்துட்டு. கடைசியா சீட்டு குரூப்ல. அடியில மலையாளத்துல எழுதியிருக்கு, இவன் விழிஞ்ஞம் பக்கம் சுத்துறான், கண்டா விடாதீங்கன்னு.

— விழிஞ்ஞத்துல காணாமப் போன பிள்ளைதான் கெடைச்சிட்டே. சித்தி வீட்டுலல்லா இருந்திருக்கு.

— பிள்ளை அன்னைக்கே கிடைச்சுட்டு. வீடியோ நிக்கலியே.

— காட்டு, இன்னொரு மட்டம் பாக்கேன்.

— பாத்தது மதி, போதும். பாத்தா உங்களுக்கு பிரஷர்தான் ஏறும்.

— காட்டுட்டி. அன்னா, அங்க பாரு. அந்தக் காலத்துல கோவளம் போற வழியில ஒரு லாட்ஜு கட்டிட்டிருந்தோம். அங்க நான் சாந்து குழைக்கிறவன். டிவி சீரியல் சூட்டிங்காரனுவ வந்து மேஸ்திரிட்ட கேட்டானுவ, கள்ளன் வேசத்துக்கு ஒரு தமிழன் மூஞ்சி வேணும்னு. நாங்க எல்லாம் வரிசையா நின்னோம். டைரக்டரு என்னக் கை காட்டுனாரு. எனக்கு அன்னைக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியாது. பிள்ளைய சாக்குல போட்டுத் தூக்கிட்டு ஓடணும், போலீசு பிடிச்சு அறையணும், நான் அழணும். சாக்குக்குள்ள பூரா வைக்கோலு.

— அடி மட்டும் நெஜம்.

— ஆமா. அந்த நடிகரு நெசமாவே விட்டாரு, செவிட்டுல. காதுக்குள்ள வண்டு மாதிரி ரீங்காரம் கேட்டுக்கிட்டே கெடந்தது. நான் வலிச்சு அழுதேன். நல்லா நடிச்சடான்னு தோள்ல தட்டிட்டு, பிரியாணிப் பொட்டலத்தக் கையில குடுத்தாவ.

— அந்த அழுகையைத்தான் ஊரே பாக்குது இப்ப. போன மாசம் அந்தப் பழைய போலீஸ் சீரியலை மறுபடி போடுறான்னதும் வாயை வச்சுட்டு சும்மா இருந்தீங்களா? யூசுப் சாயாக்கடையில போய் நின்னு, மத்தியானம் எல்லாரும் டிவி பாருங்க, நான் வருவேன்னு சொன்னீங்க.

— இத்தனை வருசம் கழிச்சு ஒருத்தன் தன்ன டிவில பாக்கான். சொல்ல மாட்டானா?

— சொன்னதுதான் வினை. யூசுப் நேத்து என்கிட்ட சிரிக்காமக் கேட்டான், சேச்சி, அண்ணன் எவிடென்னு. ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னேன்.

— யூசுப் நல்லவன்.

— அவன் நல்லவன்தான். அங்க வந்து சாயா குடிக்கிறவன் எல்லாம் நல்லவனா? வீடியோவுல உள்ள ஆளுன்னு நெனைச்சு பக்கத்துத் தெரு தாசையனை அடிச்சவனுங்க எங்கேருந்து வந்தாங்க? அவங்களும் எங்கயோ ஒரு கடையில சாயா குடிச்சவங்கதானே.

— அவனப் போயிப் பாத்தியா?

— பாத்தேன். ஒரு கண்ணு திறக்கல. டைல்ஸ் ஒட்டப் போன பையன், ஸ்கூல் வாசல்ல நின்னு ஊருக்கு ஃபோன் பேசியிருக்கான், தமிழ்ல. ஒல்லியா, சுருட்டை முடியோட இருந்தான். அது மதி அவங்களுக்கு. நான் இல்ல, நான் இல்லன்னு கத்தினானாம். கத்தினதும் தமிழ்லதான்.

— சும்மா இரு. சத்தம் கேக்குது.

— எங்க?

— வாசல்ல. பைக்கு நிக்குது. ரெண்டு பேரு எறங்குறானுவ.

— நம்ம பையன் அபியா இருக்கும்.

— அவன் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. மூச்சு விடாத.

— பூட்டை அசைக்கிறாங்க.

— பேசாத.

— என்னமோ கேக்கிறான். ஆளில்லன்னு மத்தவன் சொல்றான்.

— கைய விடுட்டி, நகம் பதியுது.

— போயிட்டாங்க. கேட்டீங்களா, வெளிக் கேட்டைச் சாத்துற சத்தம். போயிட்டாங்க.

— யாருன்னு தெரிஞ்சுதா?

— தெரியல. கரண்டு பில்லுக்கு வந்தவங்களாக்கூட இருக்கலாம். இப்படியே எத்தனை நாளைக்குங்க? வாங்க, ஸ்டேஷனுக்குப் போயிருவோம். நான் கூட வாரேன். அது சீரியல்னு அவங்களுக்குத் தெரியாதா?

— எப்படிப் போவ? ரோட்டுல எறங்கி நடந்துதான போவணும். அவங்கள இங்க கூப்பிட்டா ஜீப்பு வந்து நம்ம வாசல்ல நிக்கும். பாக்கிற கூட்டம் என்ன சொல்லும்? அன்னா, ஆளப் பிடிச்சிட்டாவன்னு சொல்லும். வீட்டு ஓனரு கிருஷ்ணகுமார் சார் சொன்னாருல்லா, எஸ்.ஐ.ட்ட நான் பேசுதேன், அது வரை அடங்கிக் கெடங்கன்னு. அபி எங்க வாரான்?

— கழக்கூட்டத்துல கடைசி ஆர்டரைக் குடுத்துட்டு வண்டியெடுத்துட்டேன்னு மெசேஜ் போட்டிருக்கான். உங்க பிரஷர் மாத்திரை தீர்ந்துட்டுல்லா, வர்ற வழியில மெடிக்கல் ஸ்டோர்ல நின்னு வாங்கிட்டு வான்னு சொல்லியிருக்கேன். அரிசியும்.

— அவனப் பாத்து வரச் சொல்லு.

— அவனுக்கென்ன? வாயைத் திறந்தா மலையாளம். நாள் பூரா வீடு வீடா சாப்பாடு கொண்டு போய்க் குடுக்கிறவன். அவனை யாரு என்ன கேப்பா? அவனாவது வெளிய நடமாடுறானே, அந்த மட்டும் ஆறுதல். இந்தாங்க, ஃபோன் வருது.

— எடுக்காத.

— சேனல்காரங்க நம்பர். காலையில நான் புகார் சொன்ன அதே நம்பர்தான். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்க பேசாம இருங்க. ஹலோ.

— ஹலோ, பிரேமயல்லே? ஞான் சேனலில் ஸ்ரீலக்ஷ்மி.

— மேடம், நான் தமிழ்ல பேசட்டுமா? பயத்துல எனக்கு மலையாளம் வரமாட்டேங்குது.

— பேசுங்கோ, பேசுங்கோ. நான் கரமனை அக்ரஹாரம் ஆக்கும், எங்காத்துலயும் தமிழ்தான். பழைய புரோகிராமை எல்லாம் திரும்பப் போடறதுக்கு முன்னாடி பார்த்து ஓகே பண்றது எங்க டெஸ்க். உங்க புகார் எனக்குத்தான் வந்தது. அந்த எபிசோடை எடுத்து மறுபடி பார்த்தேன்.

— அப்ப உங்களுக்கே தெரியும்ல மேடம், அது வெறும் நடிப்புன்னு.

— தெரியும்மா. அந்த கிளிப் எங்களோடதுதான், ஆனா நாங்க போட்ட மாதிரி அது இல்லை. இது நாடகம், எல்லாம் கற்பனைன்னு அடியில பெரிசா எழுதி ஓட்டிண்டிருந்தோம். யாரோ அடியை வெட்டிட்டா. மேலே லோகோவையும் வெட்டிட்டா. நடுவுல மூஞ்சியை மட்டும் வெச்சுண்டிருக்கா.

— நீங்க திரும்பப் போடலேன்னா யாரும் வெட்டியிருக்க முடியாதே.

— நியாயம்தான். இந்த சீரியலை எடுத்தவா நெஜ போலீஸ் ஃபைல் மாதிரியே தோணணும்னு எடுத்திருக்கா. கேமராவை ஆட்டி, வெளிச்சமே இல்லாம. கடைசில, இவனைக் கண்டா தெரிவிக்கவும்னு ஒரு குரல் வேற வரும். அந்தக் காலத்துல அதையெல்லாம் யாரும் கேக்கலை. இப்போ அப்படி எடுத்தா விடமாட்டா. பழசைப் போடறதுன்னாலும் நான் உக்காந்து ஒவ்வொண்ணாப் பார்த்து, கெட்ட வார்த்தையை எடுத்து, ரத்தத்தை மங்கலாக்கி, அப்புறம்தான் விடறது.

— பார்த்தோம் மேடம். அவரு வாயில இருந்த பீடியை மறைச்சிருந்தீங்க. போலீசுக்காரரு தமிழனைப் பாண்டின்னு ஏசுற இடத்துல சத்தத்தை எடுத்திருந்தீங்க. அதைப் பாத்துட்டு, பரவால்ல, காலம் மாறிட்டுன்னு இவரு சந்தோசம்கூடப் பட்டாரு. பீடியை மறைச்ச கை மூஞ்சியையும் மறைச்சிருக்கலாமே.

— நடிச்சவாளோட மூஞ்சியை மறைக்கணும்னு எந்த விதியும் இல்லையேம்மா. இப்படி ஆகும்னு யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை.

— இப்ப என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க. பக்கத்துல ஒரு பையனை அடிச்சுப் போட்டிருக்காங்க.

— சொல்றேன். அந்த எபிசோடை எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்தாச்சு. சாயந்தரச் செய்தியில சொல்லப் போறோம், இது எங்க சீரியல் காட்சி, இவர் நடிச்சவர், இவர் மேல ஒரு கேசும் கிடையாதுன்னு. போலீஸ்கிட்டயும் குடுக்கறோம். ஆனா டைட்டில்ல உங்காத்துக்காரர் பேரே இல்லை. மற்றும் பலர்னு முடிச்சுட்டா. அவர்தான் இவர்னு நான் மேலே இருக்கறவாளுக்குக் காட்டியாகணும்.

— அதுக்குத்தான் காலையிலேயே ஃபோட்டோ அனுப்பினேனே. ஆதார் கார்டுல உள்ளது.

— அதைத்தான் முன்னாடி வெச்சுண்டிருக்கேன். கோச்சுக்காதேங்கோ, இவர் வழுக்கை, நரைச்ச தாடி, உப்பின கன்னம். கிளிப்போட வெச்சுப் பார்த்தா வேற யாரோ மாதிரி இருக்கு. சின்ன வயசு ஃபோட்டோ ஒண்ணு கூட இல்லையா?

— அம்மா, நான் உச்சிமாகாளி பேசுதேன். சத்தியமா அது நான்தான். பிரஷரு, சர்க்கரைன்னு வந்து உடம்பு மாறிப் போச்சு. கலியாண போட்டோ எல்லாம் ஊருல, வள்ளியூருல கெடக்கு. அந்த அடி வாங்குனது நான்தாம்மா.

— அழாதேங்கோ சார். நான் நம்பறேன். மத்தவா நம்பணுமே.

— மேடம், என் ஃபோன்ல பழைய ஃபோட்டோ ஏதாவது கிடக்கும். இவரு தங்கச்சி எப்பவோ குடும்ப குரூப்ல போட்டிருந்தாங்க. இந்தப் பதட்டத்துல எது எதுன்னு எனக்குத் தெரியல. அதுல உள்ளதை மொத்தமா அனுப்புறேன், நீங்க பாத்து எடுத்துக்கங்க.

— அனுப்புங்கோ. நான் லைன்லயே இருக்கேன்.

— போவுதாட்டி?

— போவுது. சுத்திக்கிட்டே இருக்கு.

— வந்துண்டிருக்கும்மா. இது கோயில்ல எடுத்தது, கூட்டமா இருக்கு. இது ஒரு குழந்தை. இது ஆடிப் போயிருக்கு, மூஞ்சியே தெரியலை. இது, ஆ, இது போறும். இதுக்கு மேல தேட வேண்டாம்.

— கிடைச்சுட்டா மேடம்?

— கிடைச்சுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுண்டு பார்க்கறேன். அந்தச் சுருட்டை முடி, சேர்ந்த புருவம், விடைச்ச காது. அச்சு அசல் அதே மூஞ்சி. பக்கத்து சீட்டுல இருக்கறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் இதே ஆள்தான்னு சொல்றார். யாருக்கும் சந்தேகம் வராது.

— கேட்டீங்களா? சரியாயிட்டு. நியூஸ்ல சொல்லிருவாங்க. இனிமே கதவைத் திறந்து வைக்கலாம்.

— நீங்க நல்லா இருக்கணும்மா. இந்த உதவிய மறக்க மாட்டேன்.

— இருக்கட்டும் சார். இது எந்த வருஷம் எடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்கோ, போட்டுக்கறேன்.

— எந்த ஃபோட்டோ மேடம்?

— சிவப்பு டீஷர்ட்டு. கையில ஹெல்மெட்டை வெச்சுண்டு பைக் மேல சாஞ்சு நிக்கறாரே, அது. ஹலோ? லைன்ல இருக்கேளா?

— பிரேமா, பேசேன்ட்டி. என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

— மேடம், அது இவரில்ல. அது அபி. எங்க மகன். இந்த வருச ஓணத்துக்கு எடுத்தது.

— ஈஸ்வரா. அவர் இப்போ எங்கே இருக்கார்?

— ரோட்டுல இருக்கான். பைபாஸ் வழியா வந்துட்டிருக்கான். முடியை இந்த வருசம்தான் வளத்தான் மேடம். தினம் பாக்கிறதால எனக்குத் தெரியாமப் போச்சு. மெடிக்கல் ஸ்டோர்ல நிக்கச் சொன்னதே நான்தான்.

— வண்டி நம்பரையும், எந்த மெடிக்கல் ஸ்டோர்னும் மெசேஜ்ல போடுங்கோ. நான் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிடறேன். நீங்க இதை வெச்சுட்டு முதல்ல அவரைக் கூப்பிடுங்கோ.

— கூப்பிடுட்டி. சீக்கிரம்.

— ரிங் போவுது.

— எடுத்தானா?

— எடுக்கல.

— வண்டி ஓட்டிட்டு வருவான். ஹெல்மெட்டு போட்டிருப்பான், மூஞ்சி தெரியாது. மறுபடி கூப்பிடு.

— கடையில இறங்கினா ஹெல்மெட்டைக் கழட்டுவானேங்க.

— நகரு.

— நீங்க எங்க போறீங்க?

— கிணத்துப் பக்கமா ஏறிக் குதிக்கேன். மெடிக்கல் ஸ்டோருக்கு ஓடுனா அவன் வர முன்ன போயிரலாம்.

— வெளிய உங்களை யாராவது கண்டுட்டா?

— காணட்டும். இந்த வழுக்கத் தலைய எவனும் தேடல. நாம தப்பான ஆளத்தான பூட்டி வச்சிருக்கோம்.