இறந்தவருக்குக் குறுஞ்செய்தி போகாது

தலையணை உறையை மூன்றாக மடிப்பதா நான்காக மடிப்பதா என்பதில் எனக்கும் என் தங்கைக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவள் சலவை நிலையம் வைத்திருந்தாள். விடுதிகளின் படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து போகிற இடம். மூன்றாக மடித்தால் அடுக்கு சரியாது என்பாள். நான்காக மடித்தால்தான் மூலை சேரும் என்பேன் நான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, எனக்காகத் துவைத்த உறைகளை நீட்டினாள்.

"மறுபடியும் மூணா மடிச்சிருக்கே."

"பிடிக்கலேன்னா பிரிச்சு மடிச்சுக்கோ. பேங்க்ல பண்ற மாதிரி எங்கிட்டயும் பிழை பிடிக்காதே தாயே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வண்டியைத் திருப்பும்போது, மதியம் சாப்பிடாமல் இருக்காதே என்று எனக்குச் சொன்னாள். சாப்பிடாமல் இருப்பது எப்போதும் அவள்தான்.

நீங்கள் கேட்டது உறையைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த உங்களுக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவைத்தார்கள். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். இறப்புச் சான்றிதழில் சனிக்கிழமை என்று இருக்கிறது, மென்பொருளில் செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது, எப்படி என்று. நான் வாய் திறப்பதற்குள் கிளையில் எல்லோரும் எனக்காகப் பதில் வைத்திருந்தார்கள். தட்டும்போது வந்த பிழை. கூடப் பிறந்தவள் போன துக்கத்தில் கை தடுமாறியிருக்கும். நல்ல மனிதர்கள். நீங்களும் அதையே எழுதிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் உங்கள் கண் என் மேஜையைவிட்டு நகரவில்லை என்பதை நான் பார்த்தேன். சந்தேகப்படுகிறவர்களின் பார்வை எனக்குத் தெரியும். பல வருடங்களாகக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அதோடு, பதிவு விவரம் என்ற பக்கத்தை நீங்கள் இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது. திறந்தால், தேதி மட்டுமல்ல, அந்தப் பதிவே செவ்வாய்க்கிழமை முற்பகலில் செய்யப்பட்டது என்று காட்டும். உயிரோடு இருந்தவளை இறந்தவள் என்று பதிந்தது நான்தான். தெரிந்துதான் பதிந்தேன். ஏன் என்று சொன்னால் உங்களுக்கே அது நியாயமாகப் படும்.

சின்னதின் நடப்புக் கணக்கைத் திறந்ததும் நான்தான். சின்னது என்றுதான் அவளை வீட்டில் கூப்பிடுவோம். அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல நான் மட்டும்தான் மிச்சம். கடை தொடங்கிய வருடம் அவளை என் எதிரே உட்காரவைத்து, புகைப்படம் ஒட்டி, கையெழுத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன். நாமினி யார் என்று கேட்டேன். "இது என்ன கேள்வி, நீதான்" என்றாள். அன்று அவள் கையெழுத்தில் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. மறுபடி போடச் சொன்னேன். மூன்று தடவை போட வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டேதான் போட்டாள்.

நடப்புக் கணக்கு என்பது தினமும் பேசுகிற கணக்கு. சேமிப்புக் கணக்கு மாதிரி மூலையில் தூங்காது. சோப்புக்காரருக்கு எப்போது பணம் போகிறது, எந்த விடுதி இழுத்தடிக்கிறது, வேலையாட்களுக்குக் கூலி எந்தக் கிழமை, எல்லாம் திரையில் ஓடும். காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அவள் கணக்கைத்தான் பார்ப்பேன். தப்பில்லை. அக்கா வேறு எதைப் பார்ப்பாள். அவளுக்குக் காய்ச்சல் என்பது எனக்கு மருந்துக்கடைக்குப் போன பணத்தில் தெரியும். அவள் சொல்வதற்கு முன்பே கஞ்சியோடு போய் நிற்பேன். முதலில் அவளுக்கு ஆச்சரியம். அப்புறமெல்லாம் பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நாளில் மருந்தெல்லாம் ரொக்கத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டாள். அதையும் நான் கவனித்தேன்.

பிறகு வேறு சில்லறைச் சமாச்சாரங்கள் தெரிந்தன. துறைமுக ஊருக்கு ரயில் டிக்கெட். அதே ஊரில் ஓர் உணவகம். ஒரு மாதம் கழித்து மறுபடி டிக்கெட். ஊருக்குப் போனாயா என்று கேட்டால், "இல்லையே, ஏன்" என்றாள். ஒருநாள் பேச்சுவாக்கில், "அக்கா, ஒரு கணக்கை மூடணும்னா என்ன செய்யணும்? ஒரு ஃப்ரெண்டு கேட்டா" என்றாள். அவளுக்கு என்னைத் தவிர ஃப்ரெண்டு யார் என்று எனக்குத் தெரியாதா. இருந்தாலும் ஒழுங்காகத்தான் சொன்னேன். பாக்கி காசோலைகளைத் திருப்பிக் கொடுக்கணும், இருப்பைச் சுழியமாக்கணும், நேரில் வந்து கையெழுத்துப் போடணும். "நேர்லயா வரணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பெரிய தொகைக்குக் காசோலை கொடுத்தால், யாருக்கு, எவ்வளவு என்று முன்கூட்டியே கைப்பேசியில் பதிய வேண்டும். அது எங்கள் திரைக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை உறைகளை வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். கணினியைத் திறந்தேன். துறைமுக ஊரில் கட்டடம் வைத்திருக்கும் ஒருவருக்கு, கட்டட முன்பணம் என்று அவள் பதிந்திருந்தாள். காலையில் என் வாசலில் நின்று சிரித்தவள், அதற்கு முந்தைய நாளே பதிந்திருந்தாள்.

நான் கோபப்படவில்லை. ஒரு வாரம் யோசிக்க நேரம் கிடைத்தால் அவளே மனம் மாறிவிடுவாள் என்று பட்டது. அந்த ஒரு காசோலை அந்த வாரம் போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கணக்கை முடக்க மென்பொருள் காரணம் கேட்கும். பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு என்றால் உத்தரவு எண் வேண்டும். வாடிக்கையாளர் கோரிக்கை என்றாலும், ஆவணம் பாக்கி என்றாலும், உடனே கணக்குதாரரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். ஒரே ஒரு காரணத்துக்குத்தான் போகாது. உரிமையாளர் இறப்பு. இறந்தவருக்கு யார் செய்தி அனுப்புவார்கள். சான்றிதழ் பின்னர் பெறப்படும் என்று ஒரு கட்டமும் இருக்கிறது, துக்க வீட்டிலிருந்து வெறுங்கையோடு ஓடி வருகிறவர்களுக்காக. அதில் குறியிட்டேன். இறந்த தேதி என்ற கட்டம் காலியாக இருந்தால் திரை நகராது. அன்றைய தேதியைப் போட்டேன்.

ஒருவர் பதிந்தால் இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கிளையில் அனுமதிக்கிறவருக்கு 'சரிதான்' என்று பெயர். எதைச் சொன்னாலும் சரிதான் என்பார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் சேர்ந்து கிடப்பதையெல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அமுக்கிவிடுவார்.

"ஒண்ணொண்ணா திறந்து பாருங்க சார், ஒருநாள் மாட்டிக்கப் போறீங்க" என்று அன்றைக்குக்கூட அவரிடம் சொன்னேன்.

"நீங்க போட்டதைத் திறந்து பார்க்கிற அளவுக்கு எனக்கு என்னம்மா தகுதி? பசிக்குது."

அமுக்கினார். அவரைத் தண்டிக்காதீர்கள். நான் பிழை செய்யமாட்டேன் என்று அவர் நம்பினார். அதில் அவர் ஏமாறவில்லை.

மறுநாள் வந்த காசோலை கட்டடக்காரருடையது அல்ல. பாய்லர்காரருடையது. சின்னதின் கடையில் துணியைக் கொதிக்க வைக்கவும் தேய்க்கவும் நீராவி கொடுப்பது ஒரு பழைய பாய்லர். அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வு அதில் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. புது வால்வு வாங்க அவருக்குக் காசோலை கொடுத்திருந்தாள். முடக்கிய கணக்கில் அதைமட்டும் விட முடியாது. முடக்கத்தை எடுத்தால், பின்னாலேயே மற்றதும் போய்விடும். திருப்பி அனுப்பும் சீட்டில் இறப்பு என்று போடவில்லை. 'காசோலை கொடுத்தவரை அணுகவும்' என்று போட்டேன். பாய்லர்காரர் அவளை அணுகினார். அவள் என்னை அணுகினாள்.

"அக்கா, செக் திரும்பிடுச்சாம். பணம் இருக்கே. என்னன்னு பாரேன்."

"மென்பொருள் மாத்துறாங்க. எல்லாருக்கும் இப்படித்தான். திங்கக்கிழமை சரியாயிடும்."

"பாய்லர்காரர் முறுக்கிக்கிட்டுப் போறார். பணம் கையில வந்தாத்தான் வால்வு வாங்குவாராம். நீ ஒரு வாரத்துக்குக் கொடுத்து வையேன்."

"மாசக் கடைசி" என்றேன்.

போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம்.

"அப்ப ஒண்ணு பண்றேன். கடையை ரெண்டு நாள் மூடிடறேன். வால்வு மாத்தாம பத்தவைக்காதேன்னுட்டுப் போயிருக்கார். சும்மாதானே இருப்பேன், நானே நேர்ல பேங்குக்கு வந்து உங்க மேனேஜரைப் பார்த்துப் பேசிடறேன்."

அவள் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள். மேனேஜர் சொல்லி 'சரிதான்' அவள் கணக்கைத் திறப்பார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவளின் பெயருக்குப் பக்கத்தில் இறப்பு என்று இருக்கும். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள். கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பார்த்த அதே பார்வை. அதற்குப் பிறகு எந்த ஊரில் எத்தனை மாடி ஏறி நான் அவளைப் பார்க்கப் போவது.

அதனால் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

"விடுதிக்காரங்க துணிக்கு நிக்கறாங்க. ரெண்டு நாள் மூடினா வேற கடைக்குப் போயிடுவாங்க. பாய்லர்காரங்க எல்லாம் அப்படித்தான் பயமுறுத்துவாங்க, அவங்க பொழப்பு அது. இத்தனை நாள் ஓடினது இன்னும் நாலு நாள் ஓடாதா. ஓட்டு."

"ஓட்டட்டுமா?"

"ஓட்டு."

"நீ சொன்னா சரி" என்றாள். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஊரைவிட்டுப் போக நினைத்தவள், இதில் மட்டும் நான் சொன்னதைக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டடக்காரரின் காசோலை வந்தது. திருப்பினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். சனிக்கிழமை முற்பகல் ஒரு சத்தத்தில் எங்கள் கிளையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ஏதோ லாரி டயர் என்றார் 'சரிதான்'. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம். பாய்லர் வெடித்தபோது வேலையாட்கள் துணி கொடுக்க வண்டியில் போயிருந்தார்கள். உள்ளே அவள் மட்டும்தான்.

துக்கத்துக்குக் கட்டடக்காரர் வந்திருந்தார். வழுக்கைத் தலை, கையில் தொப்பி. என்னிடம் வந்து நின்று சங்கடப்பட்டார்.

"நீங்கதான் அக்காவா? உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. கட்டடத்தைப் பார்க்க வந்தப்போ தண்ணி வருமா, வாடகை எவ்வளவுன்னு எதுவும் கேட்கலை. பக்கத்துல வேற பேங்க் இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க."

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு கணக்கை மூடும் வேலை இருந்தது. நாமினி என்பதால் முதல்முறையாக மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். என் இடத்தில் புதிதாக வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். "ஏற்கனவே இறப்பு போட்டிருக்கே அக்கா" என்று தயங்கினாள். ஆமாம் என்றேன். மிச்சமிருந்த காசோலைகளைக் குறுக்கே கிழித்தோம். இருப்பு என் கணக்குக்கு வந்தது. சுழியம் ஆனது. அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். மூடுவதற்கு முன் மென்பொருள் ஒருமுறை கேட்கும், விவரங்கள் சரியா என்று. கையில் சான்றிதழ் இருந்தது. அப்போதே தேதியைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள், நீங்களும் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

திரையைப் படித்துப் பார்த்தேன். பெயர், முகவரி, கோட்டுக்குள் அடங்கிய கையெழுத்து, இறந்த தேதி. எல்லாம் சரி என்று சொன்னேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நான் தடுத்தது கணக்கைத்தான், அவளை அல்ல. அவளைக் கண்போலப் பார்த்துக்கொண்டவள் நான். இதைக் கேட்கிற யாரும் ஒத்துக்கொள்வார்கள். உறைகள் என் அலமாரியில் மூன்று மடிப்போடு அப்படியே இருக்கின்றன. பிரித்து நான்காக மடிக்க ஒருமுறை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மூடிய கணக்கில் யாரும் எதையும் மாற்ற முடியாது, நீங்களும்கூட. இறந்த தேதி என்ற கட்டத்தில் செவ்வாய்க்கிழமைதான் இருக்கிறது.