போய்ப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்

எனக்கு மவுஸ் பிடிச்சுப் பழக்கமில்லை ஐயா. கோட் எழுதுற எடிட்டர்ல எங்க போகணும்னாலும் கீபோர்டுலயே போயிருவேன். ஒரு பேர் மேல கர்சரை வச்சு எஃப் பன்னெண்டை அமுக்கினா, அந்தப் பேருக்கான வேலையை எந்த ஃபைல்ல எழுதியிருக்கோ அங்கயே கொண்டுபோய் விட்டுரும். இன்னொரு கீயை அமுக்கினா கிளம்பின இடத்துக்கே வந்துரலாம். குண்டசாலையில எங்க ஆபீஸ்ல என் வேகத்துக்கு யாரும் வரமாட்டாங்க.

நீங்க விசாரிக்கிற மழை எச்சரிக்கைப் புரோகிராம், ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் செஞ்சது. மழை அளவு தாண்டினா, மலைக்குக் கீழ லயத்து வீடுகள்ல இருக்கிற தொழிலாளிச் சனங்க போனுக்கெல்லாம் வெளியேறச் சொல்லி மெசேஜ் போகணும். தோட்டத்தை நடத்துற தொரை பாக்க வந்த அன்னைக்கு, மெசேஜ் அனுப்புற ஃபங்ஷனை, அந்த வேலையைச் செய்யிற கோட் துண்டை, நான் எழுதி முடிக்கல. அதனால அதுக்குள்ள ஒரே வரி போட்டேன். எதையும் அனுப்பாது, ஆனா திரையில பச்சையா 'அனுப்பியாச்சு'ன்னு காட்டும். தொரை சந்தோசமாப் போனாரு. முடிஞ்சிருச்சுன்னு முதலாளி சுதேஷ்கிட்டயும் சொன்னேன். அப்புறம் மறந்துட்டேன். அது வரைக்கும் மனுசனுக்கு வர்றதுதானே.

சிந்துஜா எங்ககூட வேலை செய்யிற புள்ள. அவ அம்மா சுப்பம்மா அந்த லயத்துலதான் இருந்தாங்க. அடைமழை பிடிச்ச அன்னைக்கு என் கதிரைக்குப் பக்கத்துல வந்து நின்னா.

"இளங்கோ அண்ணா, அம்மா சாமானைக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிரட்டுமான்னு கேக்கிறாங்க. நம்ம மெசேஜ் லயத்துக்குச் சரியாப் போகும்தானே?"

அந்த ஃபங்ஷனோட பேர் மேல கர்சரை வச்சு எஃப் பன்னெண்டை அமுக்கினேன். போய் விழுந்த இடத்துல அந்த ஒரு வரிதான் இருந்துச்சு. அவ குனிஞ்சு பாக்கிறதுக்குள்ள அந்த இன்னொரு கீயை அமுக்கித் திரும்பி வந்துட்டேன்.

"போகும்மா. பயப்படாம இருக்கச் சொல்லு."

அவ உடனே போன் எடுத்தா. "ஆபத்துன்னா மெசேஜ் வரும்மா. வராட்டி பேசாம படு, நனைஞ்சுக்கிட்டு எங்கயும் போகாத"ன்னு சொன்னா. பக்கத்துல நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அன்னைக்கே அந்த ஃபங்ஷனை எழுதியிருக்கலாம். ஆனா அந்த ஃபைலைத் தொட்டா, யார் எதை மாத்தினதுன்னு பதிவாயிரும். சுதேஷ் பாப்பாரு. மழை விடட்டும்னு இருந்தேன். விடியறதுக்குள்ள மலை சரிஞ்சிருச்சு. சுப்பம்மாவையும் அந்தக் கோடியில இருந்த குடும்பங்களையும் மண்ணுக்குள்ளருந்துதான் எடுத்தாங்க.

ஆபீஸ் திரையில 'அனுப்பியாச்சு'ன்னு பச்சையா இருந்துச்சு. அதனால எல்லாரும் சனங்களத்தான் குறை சொன்னாங்க. "மெசேஜ் வந்தும் பாக்காமத் தூங்கிட்டாங்களே பாவி மனுசி"ன்னு சிந்துஜா தலையில அடிச்சுக்கிட்டா. நான் ஆமான்னு தலையாட்டினேன். அதுலருந்து எனக்குச் சோறு எறங்கல ஐயா, அது நிஜம்.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு அந்த ஃபங்ஷனை ஒழுங்கா எழுதினேன். அனுப்பிப் பாக்கணுமே. உசிரோட இருக்கிறவங்களுக்கு அனுப்பினா பயந்துருவாங்க. அதனால எடுக்க ஆளில்லாத நம்பராப் பாத்து, சுப்பம்மாவோடதுக்கு அனுப்பினேன். அந்த சிம்மைச் சிந்துஜா தன் போன்ல போட்டு வச்சிருந்தது எனக்குத் தெரியாது.

போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. "அண்ணா, அம்மாவுக்கு இப்பத்தான் மெசேஜ் வருது. அவங்க மேல தப்பில்லண்ணா."

"டவர் கோளாறு, தங்கச்சி. லேட்டாயிருக்கும்"னேன்.

என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பெத்தவ மேல இருந்த கோபம் அன்னைக்கோட தீர்ந்துச்சு. நான் செஞ்சதையெல்லாம் எழுதுறீங்கல்ல, அவளுக்குச் செஞ்ச அந்த நல்லதையும் சேத்து எழுதிக்குங்க ஐயா.