‘செ’ என்று எழுதிய பாட்டில்

“ஹலோ... ஹலோ, நான்தான்மா, அக்கா பேசறேன்... ஆமா, ஆமா, சாப்பிட்டாச்சு... அதை விடு. ஞாயித்துக்கிழமை வந்தப்ப ஒரு பாட்டில் கொடுத்தேனே, செம்பருத்திப் பாகு... ஆமா, அதேதான், பழுப்பு பாட்டில். அது இப்போ எங்கே இருக்கு?”

தையல் மிஷின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். மறுமுனையில் தம்பி மனைவி. இருவருக்கும் நடுவில் ஏழெட்டு வருஷமாக ஒட்டியும் ஒட்டாமலும் ஓடிக்கொண்டிருந்த உறவு. அதை எப்படியாவது ஒட்ட வைத்துவிடலாம் என்றுதான் இவள் வருஷா வருஷம் பாகு காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கால்வாய்க் கரை, பழைய ரயில் பாதை வேலி என்று விடிகாலையில் அலைந்து, கையெல்லாம் முள் கீறப் பூப் பறிப்பாள். காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிப் போட்டு, இதழை வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை சேர்த்துத் தேன் பதத்தில் இறக்குவாள். பாட்டிலில் பெயர் எழுதுவதில் மட்டும் மகா சோம்பேறி. சங்குப்பூ என்றால் ‘ச’, செம்பருத்தி என்றால் ‘செ’. அதற்கு மேல் பேனா நகராது.

“சே, பாட்டிலைத் திருப்பிக் கேக்கவா போன் பண்ணுவேன்? அது கொஞ்சம் புளிச்சுப் போச்சு. சரியாக் காய்ச்சலை, அவ்வளவுதான். நீ திறந்தியா?... திறந்துட்டியா!... யார் குடிச்சது?... எல்லாருமா?... தினம் ஒரு டம்ளரா? இன்னைக்குக் காலையிலயுமா?... ஆமா, ஆமா, ருசியா இருந்துதா, சந்தோஷம்... பட்டாணியும் குடிச்சாளா?”

பட்டாணி, தம்பியின் ஆறு வயது மகள். இவளுக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை. பட்டாணிக்கு ஒரு தும்மல் என்றால் இவளுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும்.

“ஐயோ... ஐயையோ... இல்லைம்மா, இரு, நான் சொல்றதைக் கேளு. புளிக்கலை. வெட்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொன்னேன். அது செம்பருத்தியே இல்லை. செவ்வரளி... ஆமா, அரளிதான்! விஷம்! எங்க வீட்டுக்காரர் எறும்புக்கு வைக்கக் காய்ச்சினது!”

அந்த மனுஷர் எதிரில் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறை எறும்பை ஒழித்துக் கட்டுகிறேன் பேர்வழி என்று அரளிப் பூவையும் இலையையும் சர்க்கரை போட்டுக் காய்ச்சியவர் அவர்தான். அதை அதே மாதிரிப் பழுப்பு பாட்டிலில் ஊற்றி, மனைவியைப் பார்த்துத் தானும் எழுத்தை மிச்சம் பிடித்து ‘செ’ என்று எழுதி, அதே அலமாரியில் வைத்திருந்தார். இன்று மத்தியானம், தட்டில் ஊற்றி வைத்த விஷத்தைத் தின்று எறும்பெல்லாம் சாகாமல் கொழுத்துத் திரிகிறது என்று அவர் அலுத்துக்கொண்டபோது, இவள் குனிந்து தட்டை மோந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை. அப்படியானால் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனது அரளி பாட்டில்.

“பட்டாணி எங்கே இப்போ?... ஸ்கூலா? டீச்சர் நம்பர் இருக்கா?... அழுறதுக்கு நேரமில்லை, கேட்டதுக்குப் பதில் சொல்லு. வாந்தி எடுத்தாளா? மயக்கம்? நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னாளா?... இல்லையா? உனக்கு?... தம்பிக்கு?... யாருக்கும் ஒண்ணும் இல்லையா? சரி, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன், நீ போனை வை... வைன்னு சொல்றேனே!... என்ன வேண்டாம்? ஏன் வேண்டாம்?”

காதில் போனை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“ஹலோ... இருக்கியா?... மூணு நாளா தினம் குடிச்ச ஆளுக்கு ஒரு தலைவலி கூட வரலைன்னா எப்படிம்மா?... உபசாரத்துக்குப் பேசற நேரமா இது? என் மேல கோபம் இருந்தா அப்புறம் வச்சுக்கலாம். சத்தியமா சொல்லு, குழந்தை குடிச்சாளா, இல்லையா?... என்னது?... எதுல?... ஸிங்க்கிலயா?... எப்போ?... நாங்க படி இறங்கினதுமா?”

பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். தைக்க வந்திருந்த யாருடைய சட்டையோ மடியில் சரிந்தது. அதையே எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சேச்சே, நீ ஏன் மன்னிப்புக் கேக்கறே... என் வயித்துல பாலை வார்த்தேம்மா. கொட்டினியே மகராசி, நீ நல்லா இருக்கணும்... ஆமா, ரோட்டோரப் பூதான்... ஆமா, நாய் போற இடம்தான், நானும் பார்த்திருக்கேன்... மூணு தண்ணி அலசுவேன்... சரி, சரி, உனக்கு அருவருப்பா இருந்தா என்ன பண்றது. அந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுடு. ஸிங்க்கை நல்லா சோப்புப் போட்டுத் தேய்ச்சுடு... இரு, இரு. இப்ப என்ன சொன்னே?... ‘எப்பவும் போல’ன்னா?”

கணவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“போன வருஷம் சங்குப்பூ?... அதுவுமா... அதுக்கு முந்தின வருஷம் காட்டுமல்லி?... மல்லியும்... ஆனா பட்டாணி போன்ல சொன்னாளே, ‘நீல ஜூஸ் சூப்பர் அத்தை’ன்னு... ஓ... நீ பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தியா.”

வலித்தது. நன்றாகவே வலித்தது. வேறொரு நாளாக இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்றைக்குச் சண்டை போடவும் வாயில்லை. அவள் ஒரு வாய் மரியாதைக்குக் குடித்திருந்தாலும் கதை வேறு.

“ஏய், நீ எதுக்கு அழறே?... எம் பிள்ளை உசுரோட இருக்கா, அது போதும்... ஆமா... ஆமா... வேண்டாம்மா, அடுத்த வருஷம் கட்டாயம் குடிக்கிறேன்னு எல்லாம் சொல்லாதே... நான் கோபத்துல சொல்லலை. பட்டாணி வந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லு. நீ சொல்லிக் கொடுக்காதே, அவளே ஏதாவது பேசட்டும்... ம்... வச்சுடறேன்.”

கணவர் எழுந்து வந்தார். “அப்போ யாரும் குடிக்கலையா?”

“இல்லைங்க” என்றாள். “எப்பவுமே குடிச்சதில்லையாம்.”