பாம்புக்குத் துணையாகச் சாப்பிட்டவர்

சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தையைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது. தட்டை வைத்துவிட்டு எழுந்து போனால் சோறும் காயும், குழந்தையும் காயும். பக்கத்தில் இன்னொரு குழந்தையை உட்கார வைத்து, அது சாப்பிடுவதை இது பார்க்கும்படி செய்தால் போதும். பார்க்கப் பார்க்க எச்சில் ஊறும், கை தானாகத் தட்டுக்குப் போகும். குழந்தைகள் காப்பகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. பெற்ற தாயே கும்பிட்டு ஒதுங்கின கேஸ்களெல்லாம் என்னிடம்தான் வரும். என் கையால் சாப்பிடாமல் எழுந்து போன குழந்தை ஒன்றுகூடக் கிடையாது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். என் கணவர் விஷயத்தைக் கேட்டீர்கள். அதற்கு இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

பாம்பு அவருடையது. அவருக்கு லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. கூட வேலை செய்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கண்ணாடித் தொட்டியோடு தூக்கி இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷர். மலைப்பாம்பு இனத்தில் சின்ன ரகம் அது. விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். அதற்கு அவர் 'தம்பி' என்று பேர் வைத்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "தம்பி என்ன பண்றான்?" என்பார். போகப் போக எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

தம்பிக்குச் சாப்பாடு, உறைய வைத்த சுண்டெலி. பிரிட்ஜின் ப்ரீசரில் ஒரு டப்பாவில் இருக்கும். வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். லபக்கென்று பிடித்துக்கொள்வான். மழைக்காலம் ஆரம்பித்தபோது ஒருநாள் தலையைத் திருப்பிக்கொண்டான். அடுத்த வாரமும் அப்படியே. அந்தத் திருப்பல் எனக்குப் புதிதில்லை. காப்பகத்தில் தினமும் பார்க்கிறதுதான். இவர் பாட்டுக்கு எலியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "பசிச்சா தானா சாப்பிடுவான், விடும்மா" என்றார். இப்படிச் சொல்கிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்த ஆரம்பித்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். சின்னப் பெண். தொட்டுத் தடவி, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, எடை போட்டார்.

"எடை குறைஞ்சிருக்கு, ஆனா நோய் எதுவும் இல்லை. இந்த வகைப் பாம்பு மாசக்கணக்கா சாப்பிடாம இருக்கும். ஒரு பக்கம் கதகதப்பா வைங்க. உடம்பு ஒட்டி உட்கார்ற மாதிரி ஒரு சின்னப் பெட்டி வைங்க, ஒளிஞ்சுக்கட்டும். இரையை வெச்சுட்டு ரூமை விட்டு வெளிய வந்துடுங்க. யாராவது பார்த்துட்டே இருந்தா அது சாப்பிடாது."

"பக்கத்துல யாரும் இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கூடவே கூடாது. இன்னொண்ணு, பலவந்தமா வாயைத் திறந்து திணிச்சிடாதீங்க. மிரண்டு போயிடும்."

இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்த பெண், பட்டினி கிடக்கிற ஜீவனைத் தனியாக விட்டுவிட்டு வரச் சொல்கிறாள். காப்பகத்தில் நான் அப்படிச் செய்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஆனாலும் டாக்டர் பேச்சைத் தட்டக் கூடாது என்பது என் கொள்கை. பாம்பின் வாயைப் பலவந்தமாகத் திறக்கக் கூடாது என்றார், நான் திறக்கவில்லை. கடைசி வரை அதில் நான் சுத்தம். மற்றவர்கள் வாயைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

முதலில் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன். மதிய நேரத்தில் தொட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, இவரை உட்கார வைத்து, தட்டைக் கையில் கொடுத்தேன். உள்ளே தம்பிக்கு எலி, வெளியே இவருக்குச் சோறு. "நல்லா மென்னு, அவன் பார்க்கிற மாதிரி சாப்பிடுங்க" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். தம்பிமேல் அவருக்கு அவ்வளவு பாசம். தம்பி பெட்டிக்குள்ளிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன் என்று யோசித்தேன். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு குழந்தைக்கு ஒன்று, பக்கத்துக் குழந்தைக்கு வேறொன்று என்று வைத்தால் இரண்டுமே சாப்பிடாது. பந்தியில் ஓரவஞ்சனை செய்தால் பெரியவர்களுக்கே முகம் சுருங்கும், வாயில்லா ஜீவனுக்குச் சுருங்காதா? ஆக, இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு வைப்பதுதான் நியாயம் என்று பட்டது.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தோலை உரித்து, எலும்பை நீக்கி, இஞ்சி மிளகு சேர்த்து அரைத்து, உருண்டை பிடித்துப் பொரித்தேன். நன்றாகத்தான் வந்தது. நாத்தனார் ஒருநாள் வந்திருந்தபோது, வீட்டுக்கு வந்தவளுக்கு இல்லை என்று சொல்ல மனசு வராமல் அவளுக்கும் வைத்தேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"அண்ணி, இது எப்படி இவ்வளவு மெத்துனு வருது? நான் செஞ்சா கல்லு மாதிரி ஆயிடுது."

"எலும்பைப் பார்த்து எடுக்கணும். கொஞ்சம் பொறுமை வேணும்" என்றேன்.

இன்றைக்கு அவள் என்னைப் பற்றி உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருப்பாள். அன்றைக்கு விரலைச் சூப்பிக்கொண்டுதான் போனாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாளா என்று கேளுங்கள்.

தம்பி மசியவில்லை. நாளுக்கு நாள் இளைத்தான். ஒரு மாலை இவர் ப்ரீசரைத் திறந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தம்பிதான் சாப்பிடறதே இல்லையே, எலி எப்படிக் குறையுது?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவர் கத்தவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகு நேரம் கழித்து, முகமெல்லாம் வெளுத்து வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "உனக்கு என்னாச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சாப்பிடாமல் இருப்பது அவன்தான் என்றேன்.

அதற்குப் பிறகு இவரும் வீட்டில் வாய் வைப்பதை விட்டுவிட்டார். என் கையால் காபி மட்டும்தான். வெளியே சாப்பிடுகிறேன் என்பார். அது பொய். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் சாப்பிடாமல் கிடந்தால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். காப்பகத்தில் பிள்ளைகளுக்கு ஊட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, மேடம். அவமானமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், தம்பியைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். மத்தியானம் அவள் வண்டி எடுத்துக்கொண்டு வருவாளாம். தொட்டிக்கு அடியில் இருந்த சூட்டுப் பலகையின் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவை அவன் முன்னாடி உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போங்க. அரைச்சதால அவனுக்கு அடையாளம் தெரியலை. முழுசா சாப்பிட்டுக் காட்டினா புரிஞ்சுக்குவான்" என்றேன்.

"நல்ல டாக்டரா பார்ப்போம்மா. உனக்கு" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அவருக்கு ஜலதோஷம். காபியில் ஜலதோஷ மருந்தைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். தூக்கம் வருகிற மருந்து என்று தெரியும். கைப்பிடி வைத்த நாற்காலியில் சாய்ந்தவர் பக்கவாட்டில் சரிந்து விழப் பார்த்தார். காப்பகத்தில் துள்ளுகிற பிள்ளைகளுக்காக நானே தைத்த அகலமான துணிப் பட்டைகள் பையில் இருந்தன. அவற்றால் கட்டினேன். கயிறு என்று நாத்தனார் சொல்லியிருந்தால் அது தப்பு. கயிறு தோலை அறுக்கும், நான் கயிறு உபயோகிப்பதே இல்லை. நாற்காலியைத் தொட்டிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டேன்.

டப்பாவில் பெரிய எலியும் இருந்தது. அதை எடுக்க நான் என்ன கல்நெஞ்சக்காரியா? இருப்பதிலேயே சின்னதாக, மிருதுவாக ஒன்றைப் பார்த்து எடுத்தேன். வெந்நீரில் போட்டு, உடம்புச் சூடு வந்ததும் துடைத்தேன். தலைப்பக்கம்தான் முதலில் போக வேண்டும், அப்போதுதான் ரோமம் எதிர்க்காது. இதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். வாய் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்தால் எந்த வாயும் திறக்கும். மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்.

அப்போதுதான் தம்பி பெட்டியிலிருந்து தலையை நீட்டினான். எத்தனை மாதம் கழித்து. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தான். எனக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. "பாருடா, அண்ணன் எப்படிச் சமர்த்தா சாப்பிடுறார்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பக்கம் குனிந்தேன். ஒரு கை அவர் மூக்கில், இன்னொரு கை அவர் வாயில். அவர் கால் தரையைத் தட்டியது. சத்தம் கேட்டால் தம்பி பயப்படுவான் என்று என் காலால் அழுத்திக்கொண்டேன். அப்புறம் தட்டவில்லை. தொந்தரவு இல்லாமல் இருக்கிறாரே என்று நினைத்தேன்.

நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது நான் தம்பிக்கு இடுக்கியில் எலியைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் போட்ட சத்தத்தில் அவன் மறுபடி உள்ளே போய்விட்டான். கையிலிருந்த எலியைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் உங்கள் போலீஸ் ஆட்களோடு கிளம்பினேன். வீட்டைப் பூட்டிச் சீல் வைத்தார்கள்.

மறுநாள் திறந்து பார்த்தபோது தொட்டியில் எலி இல்லை என்றும், பாம்பின் நடுவயிறு புடைத்திருந்தது என்றும் இப்போது சொன்னீர்கள். ரூமில் ஆள் இல்லாததால்தான் சாப்பிட்டது என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். சொல்லட்டும். அனுபவம் இல்லாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சில குழந்தைகளுக்குப் பார்த்தவுடனே வராது, ஒருநாள் கழித்துத்தான் மண்டையில் ஏறும். தம்பி அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். அவர் போனது வீண் போகவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு, மேடம். அவர் கடைசி வரைக்கும் அதை விழுங்கவில்லை என்பது தம்பிக்குத் தெரிய வேண்டாம்.