ஓட்டை இல்லாத மெஷின்

— சிரிக்காதீங்கண்ணே. சீரியஸா கேக்குறேன். என் கடையில இருக்குற அறுநூறு கேம் டிஸ்க்கையும் நீங்க எடுத்துக்குறீங்களா, இல்லையா?

— சிரிக்காம என்ன பண்றது தங்கச்சி? பதினோரு வருஷமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, என் கஸ்டமரையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டவ நீ. இன்னிக்கு ரோட்டைத் தாண்டி என் கடைக்குள்ள வந்து நிக்கிற. அதுவும் எதுக்கு? நாளைக்கு நான் உன்கிட்ட வந்து கேக்கலாம்னு இருந்ததையே கேக்குறதுக்கு!

— என்னது?

— என்னோடது தொள்ளாயிரம். நீ எடுத்துக்குறியா?

— அடக் கடவுளே. அப்போ நீங்களும் மூடப் போறீங்களா?

— ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் தேடுறாங்களாம். என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. உனக்கு?

— செல்போன் ஷோரூம்ல கூப்பிட்டிருக்காங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே பேசணுமாம்.

— உனக்கு உக்காந்தாத்தானே சண்டையே வரும்!

— பேச்சை மாத்தாதீங்க. இப்போ வர்ற கேம் மெஷின்ல டிஸ்க் போடுற ஓட்டையே கிடையாது. எல்லாம் டவுன்லோடு. விளையாடி முடிச்சவன் எதைக் கொண்டாந்து நம்மகிட்ட குடுப்பான்? நாம எதை எடுத்து அடுத்தவனுக்கு விப்போம்? அதான் கேக்குறேன்.

— என்னைக் கேட்டா? நேத்து ஒருத்தர் வீட்டுல இருந்த டிஸ்க்கையெல்லாம் மூட்டையாக் கட்டிக் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டார். காசு கூட வேணாமாம், இடம் அடைக்குதாம். வாங்க இருக்காங்க, விக்க இருக்காங்க... சேச்சே, உளர்றேன். குடுக்க ஆள் இருக்கு, வாங்கத்தான் ஆள் இல்ல. இரு, யாரோ வர்றாங்க. வாங்க மேடம்! பாத்து, குனிஞ்சு வாங்க, ஷட்டர் பாதியில மாட்டிக்கிச்சு.

— வணக்கம் சார். ‘மேகத் தபால்’னு ஒரு கேம். டிஸ்க்கா வேணும். கிடைக்குமா?

— டிஸ்க்கா! கேட்டியா தங்கச்சி, டிஸ்க்கா வேணுமாம்! காது குளிருது. யாருக்கு மேடம், உங்களுக்கா?

— எங்க அக்காவுக்கு. பல்பு மாத்துறேன்னு ஏணியில ஏறி, விழுந்து, கால் முறிஞ்சு படுத்திருக்கா. மூணு மாசம் அசையக்கூடாது. அவகிட்ட இருக்குறது டிஸ்க் போடுற பழைய மெஷின், அவ ஊர்ல நெட் சுத்திக்கிட்டே இருக்கும். கேம் இறங்கி முடிக்க ஆறு நாள் ஆகும்னு காட்டுது. நான் ஏற்கெனவே விளையாடி முடிச்ச கேம்தான் சார். “நீதான் முடிச்சுட்டியே, எனக்குக் குடேன்டி”ங்குறா.

— குடுத்துட வேண்டியதுதானே மேடம்?

— எப்படிங்க மேடம் குடுப்பேன்? நான் டவுன்லோடு பண்ணது. என்கிட்ட நாப்பத்திமூணு கேம் இருக்கு. அதுல ஒண்ணைக்கூட எடுத்து இன்னொருத்தர் கையில வைக்க முடியல.

— அதாவது மேடம், இந்தப் புது மெஷின் இருக்கு பாருங்க, அதுல என்னன்னா...

— தெரியும் சார். எனக்கு நல்லாவே தெரியும்.

— சரி விடுங்க. ‘மேகத் தபால்’ என்கிட்ட ஒண்ணு இருக்கு. இந்தாங்க.

— அண்ணே, அது கீறல் விழுந்த டிஸ்க். மூணாவது மலைக்குப் போனதும் கேம்ல வர்ற தபால்காரி அந்தரத்துல அப்படியே நின்னுடுவா. எனக்கு வந்ததைத்தான் நான் வேணாம்னு திருப்பி அனுப்புனேன், அது உங்க தலையில வந்து விடிஞ்சிருக்கு.

— அப்போ உன்கிட்ட நல்லது இருக்கா?

— டிஸ்க் இல்ல. கீறலைத் தேய்க்கிற மெஷின் இருக்கு. அஞ்சே நிமிஷம்.

— பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது அதை எனக்குக் குடுத்திருக்கியா?

— ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? இங்க குடுங்க அதை. மேடம், நான் வர்றதுக்குள்ள இவர் வேற எதையாவது உங்க தலையில கட்டிடுவார். உஷாரா இருங்க.

— போடி, போ. பாத்து ரோட்டைத் தாண்டு! உக்காருங்க மேடம்.

— ரெண்டு பேரும் சொந்தமா சார்?

— சொந்தமா! ஜென்மப் பகை. ஆனா ஒண்ணு சொல்றேன் பாருங்க. அந்த ஒரு டிஸ்க் இருக்கே, அது பதினாலு வீடு சுத்துனது. மொதல்ல ஒரு நர்ஸ் வாங்குனாங்க. அப்புறம் பெயின்டர் ஒருத்தர். அப்புறம் ஒரு கல்யாண ஜோடி, சண்டை போட்டுக்கிட்டே வந்து குடுத்துட்டுப் போச்சு. ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியாது. ஆனா எல்லாரும் அதே மலையில ஏறி, அதே இடத்துல விழுந்தவங்க. இப்போ பதினஞ்சாவது உங்க அக்கா.

— அவ ஏற்கெனவே விழுந்துட்டா சார்.

— ஹா! நல்லாச் சொன்னீங்க. அந்தா, வந்துட்டா. என்ன தங்கச்சி, மூச்சு வாங்குது?

— தேய்ச்சு, போட்டு, ஓட்டியும் பாத்துட்டேன். தபால்காரி மூணாவது மலையைத் தாண்டிட்டா! கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க மேடம், தலை வாரிக்கலாம்.

— ரொம்ப தேங்க்ஸ் மேடம். அவ முடிச்சதும் இங்கேயே கொண்டாந்து குடுத்துட்டு, வேற எடுத்துக்கலாமா?

— தாராளமா!

— மூணு மாசம் கழிச்சு கடை இருக்குமா சார்? உள்ள வரும்போது நீங்க பேசிக்கிட்டு இருந்தது காதுல விழுந்தது.

— அது வந்து மேடம்... தங்கச்சி, நீ சொல்லு.

— டிஸ்க் உங்ககிட்ட, தேய்க்கிற மெஷின் என்கிட்ட. அப்புறம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வாடகை எதுக்கு? அதான் கேக்குறேன்.

— கேக்குறியா, முடிவே பண்ணிட்டியா?

— பண்ணிட்டேன். என் போர்டு மேல, உங்க போர்டு கீழ.

— பாத்தீங்களா மேடம், வந்து அரை மணி நேரம் ஆகல! சரி வா, வந்து தொலை. மூணு மாசம் இருப்போம் மேடம். அதுக்கப்புறமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போம். அந்த ஓட்டையை அடைச்ச ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...

— என்ன பண்ணுவீங்க சார்?

— அடிக்கவா முடியும்? எனக்கு அதெல்லாம் வராது. உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுப்பேன். இந்தாப்பா கடைச்சாவி, ஒரே ஒரு நாள் நீ இங்க இருந்து பாரு, வர்றவங்க முகத்தைப் பாரு, அது போதும்னு சொல்லுவேன்.

— அப்போ சாவியைக் குடுங்க சார். வியாழக்கிழமை எங்க கம்பெனியில அடுத்த மெஷினுக்கு மீட்டிங் இருக்கு, அதுக்குள்ள நாளைக்கு ஒரு நாள் இங்க இருந்துட்டுப் போறேன். போன மீட்டிங்ல, அந்த ஓட்டையை அடைச்சுடலாம்னு மொதல்ல கை தூக்குனவளே நான்தான்.