சத்து மாத்திரையின் நிறம்

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. வயதானவர்கள்தான் பார்த்தவுடன் பதறிப்போவார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பதற மாட்டார்கள். நான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

நெய்னா முகம்மது பாய், நான் சொல்வதையெல்லாம் நீங்கள் போலீஸ் ஆபீசருக்கு அரபியில் சொல்ல வேண்டும் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். பேச்சு கொஞ்சம் கக்கூஸ் பக்கம் போய்ப் போய் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள், மருந்து விஷயம் என்றால் அப்படித்தான்.

என் பெயர் பன்னீர்செல்வம். எண்பத்து நாலில் அபுதாபிக்கு வந்தேன். முசஃபா லேபர் கேம்ப்பில் மருந்து ரூம் என் பொறுப்பு. எல்லோரும் டாக்டரு என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் நான் கம்பவுண்டர்கூட இல்லை. ஊரில் ஒரு டாக்டரிடம் புட்டி கழுவி, பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஹெல்பர் விசாவில் வந்து சைட்டில் கம்பி தூக்கினேன். பாய், ஜூலை மாதம் மத்தியான வெயிலில் நீங்கள் கம்பியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கைத் தோல் கம்பியோடு போய்விடும். ஒரு தடவை சைட்டில் மயங்கி விழுந்தவனுக்கு நான் தண்ணீர் தெளித்துக் காலைத் தூக்கிவைத்ததைக் கேம்ப் பாஸ் பார்த்தார். மருந்து லேபிள் படிப்பாயா என்று கேட்டார். படிப்பேன் என்றேன். மறுநாள் முதல் மருந்து ரூமில் உட்கார்ந்தேன். அந்த ரூமில் ஏசி உண்டு. அதை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து படும் அந்தக் குளிருக்காகவே நான் சீக்கிரம் எழுந்துகொள்வேன்.

கார்மேகம் அண்ணன் ராமநாதபுரம் பக்கம். ஷட்டரிங் கார்ப்பெண்டர். பாஸ்போர்ட்டில் ஐம்பதுகூட ஆகவில்லை, ஆளுக்கு அறுபது தாண்டிவிட்டது. யாராவது பெரியவரே என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், அண்ணே என்றால்தான் திரும்புவார். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குச் சாயம் பூசிக்கொள்வார். விசா புதுப்பிக்க மெடிக்கல் வரப்போகிறது, அதில் ஃபிட் என்று வந்தாக வேண்டும், அதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை. மகள் நாகவள்ளி ஊரில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை தன்னை யாரும் கிழவன் என்று திருப்பி அனுப்பிவிடக்கூடாது.

அதனால் தினமும் என்னிடம் வந்து சத்து மாத்திரை வாங்கிக்கொள்வார். கம்பெனி கொடுத்திருந்த சாதாரண விட்டமின் மாத்திரைதான். சாப்பிட்டால் மூத்திரம் நல்ல மஞ்சளாகப் போகும். "மஞ்சளாப் போனா மாத்திரை புடிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்று நான்தான் கேம்ப் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். காலையில் கக்கூஸ் வரிசையில் ஆளுக்கு ஆள் நிறம் விசாரித்துக்கொள்வார்கள். மாத்திரையில் பலம் இருந்தால் நிறத்தில் தெரியும் என்று கேம்ப்பே நம்பியது. மஞ்சள் விஷயத்தில் நான் சொன்னது உண்மைதானே.

அண்ணனுக்கு முழங்கால் வலி. ஃபோர்மேன் முத்துராமன் வந்து, "நாளைக்கு ஸ்லாப்பு கான்கிரீட்டு. அந்தாளு டூட்டிக்கு வந்தாகணும். என்னத்தையாவது குடு" என்றார். வலி மாத்திரை கொடுத்தேன். டாக்டர் எழுதித் தராமல் அதைக் கொடுக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. வெறும் வயிற்றில் தொடக்கூடாது என்பது அந்த மாத்திரையின் விதி. அண்ணன் காலையில் ஒரு சுலைமானி டீயோடு அதை விழுங்கிவிட்டு பஸ் ஏறுவார். ஸ்லாப் முடிந்தது, அடுத்த ஸ்லாப் வந்தது. மாத்திரை நிற்கவில்லை.

ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "தம்பி, ரெண்டு நாளா வெளிக்குக் கறுப்பாப் போகுது. தாரு கணக்கா. ஒருமாரி நாத்தம் வேற."

எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் அந்த டாக்டர் இதைக் கேட்டதும் நோயாளியை ஒரு நிமிஷம் உட்காரவிட மாட்டார். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்பார். நானும் அனுப்பியிருக்கலாம். கேம்ப் வண்டி வாசலில்தான் நின்றது. ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி, வலி மாத்திரை யார் கொடுத்தது என்பதுதான். அதற்கு மறுநாள் நான் சைட்டில் இருப்பேன். ஜூலை மாதம் அது.

"அது இரும்புச் சத்துண்ணே" என்றேன். "மெடிக்கல் வருதேன்னு நாந்தான் மாத்திரைய மாத்திக் குடுத்தேன். அது மஞ்சளாக்கும், இது கறுப்பாக்கும். நல்லாப் புடிச்சிருக்கு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. "அப்ப ரத்தம் ஊறுதுன்னு சொல்லு."

"ஊறுதுண்ணே."

அதன்பிறகு கறுப்பாகப் போனதா என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே வந்து சொல்லிவிடுவார். கேம்ப் பையன்கள் கேலி செய்தார்கள். தலையும் கறுப்பு, அதுவும் கறுப்பு, அண்ணனுக்கு இனிமேல் நரையே கிடையாது என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரும்பு உடம்பில் சேரும்போது கொஞ்சம் அசதியாக இருக்கும் என்றேன். வலி மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கால் வலிக்கும், டூட்டி நிற்கும், ஆஸ்பத்திரி என்ற பேச்சு வரும்.

சைட் ஆபீஸ் கிளார்க் பத்மநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் கூர்ந்து பார்ப்பவர். அவர் ஒருநாள் ரூமுக்கே வந்துவிட்டார். "அந்த மனுசன்ர முகத்தைப் பாத்தனீங்களோ? துப்பரவா வெளிறிப்போய்க் கிடக்கு. ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

ரத்தம் குறைவுதான், இரும்புச் சத்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அப்ப வெளிக்குக் கறுப்பாப் போகுமே. என்ர அம்மாவுக்கும் உப்பிடித்தான் போனது. சரி சரி, குடுங்கோ" என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார். படித்தவர் ஒருவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் வேறு என்ன நினைக்க முடியும்?

மெடிக்கல் அன்று காலையில் கார்மேகம் அண்ணன் புதிதாகச் சாயம் பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். பஸ் ஏறும்முன் என் கையைப் பிடித்து, "எல்லாம் உன் கைராசி தம்பி. எம்புள்ளயும் உன்ன மாதிரி நாலு பேரக் காப்பாத்தணும்" என்றார். அவர் கை சில்லென்று இருந்தது, என் ரூம் மாதிரி. பஸ் படியிலேயே விழுந்தார். வாயிலிருந்து வந்தது காப்பித் தூள் மாதிரி இருந்தது, அதற்குப் பின்னால் சிவப்பாக வந்தது. ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அங்கிருந்த டாக்டர், இவ்வளவு நாள் கறுப்பாகப் போயிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்றார். இரும்புச் சத்து கொடுத்தேன், அதனால் என்று நினைத்தோம் என்றேன். மாத்திரையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

இந்த மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் புட்டி அதுதான், பாய். உள்ளே இருப்பது சுத்தமான இரும்புச் சத்து. எங்கே வேண்டுமானாலும் அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நான் வாங்கியது அவர் செத்த மறுநாள், அபுதாபி டவுனில். புட்டி புத்தம்புதிதாக இருக்கிறதே என்று பத்மநாதன் கேட்டுவிட்டார், அதனால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். கார்மேகம் அண்ணன் வயிற்றுக்குள் ஒரு இரும்பு மாத்திரைகூடப் போனதில்லை. கடைசிவரை அவர் சாப்பிட்டது அந்த மஞ்சள் மாத்திரையும் வலி மாத்திரையும்தான். கறுப்பாகப் போனது அவருடைய ரத்தம். அது எனக்கு முதல்நாளே தெரியும்.

புட்டியில் கொஞ்சம் குறைந்திருக்கிறதே என்று ஆபீசர் பார்க்கிறார். அது நான் சாப்பிட்டது. வாங்கி வந்த அன்றே ஆரம்பித்தேன். மனசு அடித்துக்கொண்டே இருந்தது, சரியாகத் தூக்கம் இல்லை. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தேன், நல்ல கறுப்பு. அப்போதுதான் பாரம் இறங்கியது. அன்று ஏசியைப் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஆகவே பாய், மற்றதை எப்படிச் சொன்னாலும் இதை மட்டும் ஆபீசருக்குச் சரியாகச் சொல்லிவிடுங்கள். கார்மேகம் அண்ணனிடம் நான் பொய் சொன்னதில்லை. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.