படிவம் கேட்காத கேள்வி

தலைமையேற்று நிமிர்ந்து அமர்ந்திருக்கும் சிறைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிரப்பியிருக்கும் மூத்த காவலர்களே, அவர்களைப் பெற்று எங்களிடம் ஒப்படைத்த தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்த மதிநுட்பம் மிக்க பெருமக்களே, வணக்கம்!

அடித்தவன் மீண்டும் அடிப்பானா? இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். உளவியலாளர் என்பது என் பதவி. ஜோசியக்காரம்மா என்பது நீங்கள் வைத்த பெயர். தெரியும், தெரியும், சிரிக்காதீர்கள்.

வேலைக்கு வந்த முதல் ஆண்டு. கையிலே இருபது கேள்விப் படிவம். கண்ணிலே கரைகாணாக் கர்வம். மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடும் என்பது கணக்கு. முதலில் வந்த கைதி பணிவின் திருவுருவம். கேள்விக்கொரு நன்றி சொன்னார். இரண்டே மதிப்பெண்! ‘பரம சாது’ என்று எழுதினேன். வெளியே போன மூன்றாம் வாரம் வாடகை கேட்ட வீட்டுக்காரர் மூக்கை உடைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வாசல் காவலர், “வாங்க சாது” என்று கதவைத் திறந்தாராம். அந்தக் காவலர்தான் இதோ, மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறார்!

அடுத்து வந்தார் ஒரு தச்சர். பட்டப்பெயர் சுத்தியல். மச்சானின் தாடையைப் பெயர்த்தவர். பதினெட்டு மதிப்பெண்! முன்விடுதலை கிடையாது என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

“நான் ரெண்டு தடவை அடிச்சேன் மேடம். தப்புதான். ரெண்டு தடவையும் ஒரே ஆளைத்தான். யாரைன்னு உங்க பேப்பர் கேக்கவே இல்லையே.”

சுருக்கென்றது எனக்கு. மனைவியை அழைத்து விசாரித்தேன். அந்த மச்சானான தன் தம்பி தங்கள் வீட்டிலேயே தங்கியிருப்பதையும், இருவரும் சேர்ந்து குடித்தால்தான் சண்டை மூள்வதையும் சொன்ன அந்த அம்மாள், தம்பிக்குத் தனி வீடு பார்க்கத் தானே புறப்பட்டார். தனிக்குடித்தனம், குடிநிறுத்தம், வாரம் ஒருமுறை என்னிடம் வருகை என்று நிபந்தனைகள் எழுதினேன். விடுதலைக் குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது மனநல அறிக்கையா, பாகப்பிரிவினைப் பத்திரமா என்று கேட்டார். ஆனாலும் கையெழுத்திட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. தவறினால் உடைவது இன்னொருவர் தாடையல்லவா?

எட்டு ஆண்டுகள் ஓடின. போன மாதம் தொலைபேசி ஒலித்தது.

“மேடம், மச்சான் வந்து வாய்க்கு வந்தபடி பேசுறான். நான் எழுந்து தெருவுக்கு வந்துட்டேன். உள்ளே போனா அடிச்சிடுவேன். கொஞ்ச நேரம் பேசிட்டே இருங்க.”

பேசினேன். அரைமணி நேரம் கதவுக்கு எந்த மரம் நல்லது என்று பேசினோம்!

அன்பர்களே, எந்த மதிப்பெண் அந்தத் தெருவைக் காட்டியிருக்கும்? யாரிடம், எங்கே, எப்போது என்று கேளுங்கள்! கேட்டபின் கைவிடாதீர்கள்! அவன் அழைக்கும்போது எடுக்க ஓர் ஆள் இருக்கட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, வணக்கம்.